பங்குக் கணக்கும் நிலப்படமும்

 

குடும்பத் தலைவர் ஒருவர் மறைந்து, அவர் விட்டுச் சென்ற நிலத்தைப் பங்கிட வாரிசுகள் முற்படும்போது இரண்டு தாள்கள் உருவாகின்றன. ஒன்று, ஆலிம் ஒருவர் ஃபராயிழ் முறைப்படி எழுதிக் கொடுக்கும் பங்குக் கணக்கு. மற்றொன்று, அளவு தெரிந்தவர் வரைந்து கொடுக்கும் நிலப்படம். முன்னதில் எண்கள் உண்டு; கோடுகள் இல்லை. பின்னதில் கோடுகள் உண்டு. படத்தின் ஓரத்தில், யார் யாருக்கு எத்தனை சென்ட் என்று காட்டும் ஒரு சிறு அட்டவணையும் இருக்கும். அந்தச் சிறு அட்டவணையைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். ஏனெனில் பத்திரம் எழுதுபவர் ஆலிமின் தாளைத் தேடிப் பார்ப்பது அரிது. படத்தின் ஓரத்து அட்டவணையைப் பார்த்தே அவர் எழுதுகிறார். ஷரீஅத் வகுத்த பங்கு, அந்த நான்கு விரல் அகலமுள்ள கட்டத்தின் வழியாகத்தான் நிலத்தில் இறங்குகிறது.

அரியலூர் மாவட்டம், செந்துறை வட்டத்தில் ஆலத்தியூர் என்னும் ஊர் இருக்கிறது. 1997-இல் அங்கே சிமெண்ட் ஆலை வந்த பிறகு வெளியூராரும் அந்தப் பெயரை அறிந்தனர். சுண்ணாம்புக்கல் நிறைந்த பூமி. சுற்றுப்புறங்களில் முந்திரித் தோப்புகளும் மானாவாரிக் காடுகளும் உண்டு. அவ்வூரின் அருகே ஒரு குடும்பத்தாருக்கு 3 ஏக்கர் 36 சென்ட் நிலம் இருந்தது. அவர்கள் வசிப்பது வேறோர் ஊரில். நான் ஓதிக்கொடுக்கும் மத்ரஸாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பம் என்பதால் பங்குக் கணக்கு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. பழைய பத்திரத்தில் ஜில்லா திருச்சிராப்பள்ளி என்றிருந்தது. 1995-இல் அந்நிலம் பெரம்பலூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 2001-இல் அரியலூருக்குப் போயிற்று. 2002-இல் பெரம்பலூருக்கே மீண்டது. 2007-இல் மறுபடியும் அரியலூருக்கு வந்தது. வரப்பு ஓர் அங்குலமும் நகராமலே நிலம் நான்கு முறை மாவட்டம் மாறியிருக்கிறது!

அந்தக் குடும்பத்தின் கணக்கைச் சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையோடு கேளுங்கள். அத்தா மறைந்தபோது அவருக்கு மனைவி, ஆண்மக்கள் இருவர், பெண்மக்கள் மூவர் இருந்தனர். அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் ஆகியவை முடிந்த பின், பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதமுள்ள எட்டில் ஏழும் பிள்ளைகளுக்கு. ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு. ஆக மொத்தம் 8 பங்குகள்: அம்மாவுக்கு 1, மகன்களுக்கு இரண்டிரண்டாக 4, மகள்களுக்கு ஒவ்வொன்றாக 3. நிலம் 336 சென்ட் ஆகையால் ஒரு பங்கு 42 சென்ட். அம்மாவுக்கு 42, ஒவ்வொரு மகளுக்கும் 42, ஒவ்வொரு மகனுக்கும் 84. இந்தக் கணக்கை வைத்து நகரத்தில் ஒரு கணினி வரைபடக் கடையில் படமும் போட்டுவிட்டார்கள். ஆனால் பங்கு பிரிக்கவில்லை. "நூறாம் நாள் கழியட்டும்", "நோன்பு முடியட்டும்", "தம்பி விடுப்பில் வரட்டும்" என்று நான்கு ஆண்டுகள் கழிந்தன. இந்தத் தாமதம் நம் சமுதாயத்தில் எத்தனை வீடுகளில் நடக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். அதற்குள் அம்மாவும் இறையடி சேர்ந்துவிட்டார்.

பங்கிடுவதற்கு முன்பே வாரிசுகளில் ஒருவர் மறைந்துவிடும் நிலையை ஃபராயிழ் நூல்கள் முனாஸகா என்று குறிப்பிடுகின்றன. மறைந்தவரின் பங்கு இப்போது அவருடைய வாரிசுகளுக்குரியது. அம்மாவின் பெற்றோர் உயிரோடில்லை. ஆகவே அவருடைய 42 சென்ட் அந்த ஐந்து பிள்ளைகளுக்கே. அதுவும் இரண்டுக்கு ஒன்று என்ற முறையில்: மகன்களுக்குப் பன்னிரண்டு பன்னிரண்டு சென்ட், மகள்களுக்கு ஆறு ஆறு சென்ட். எனவே புதிய கணக்குப்படி ஒவ்வொரு மகனுக்கும் 96, ஒவ்வொரு மகளுக்கும் 48. இதை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தேன்.

திருத்திய படமும் வந்தது. பாய் விரித்து எல்லாரும் அமர்ந்திருந்தோம். படத்தின் ஓரத்து அட்டவணையில் அம்மாவின் வரி நீக்கப்பட்டிருந்தது. மகன்களுக்கு 105, 105. மகள்களுக்கு 42, 42, 42. கூட்டிப் பாருங்கள், 336 சரியாக வரும்! கடையில் தட்டச்சு செய்த பிள்ளை அம்மாவின் வரியை அழித்து, அந்த 42 சென்ட்டை மேலேயிருந்த இரண்டு பெயர்களுக்கும் சமமாகப் பிரித்துப் போட்டிருக்கிறது. யாரும் சொல்லிச் செய்ததாகத் தெரியவில்லை. அம்மா கடைசிக் காலத்தில் மகன்கள் வீட்டில்தானே இருந்தார் என்று யாரோ பேசிக்கொண்டது காதில் விழுந்திருக்கலாம். கூட்டுத்தொகை பொருந்தியதால் மூத்தவர்கள் மூவரும் படத்தைப் பார்த்துத் தலையசைத்துவிட்டார்கள். கடைசி மகள், கணவரை இழந்து இரண்டு குழந்தைகளோடு வாழ்பவர், இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மெல்லிய குரலில் கேட்டார்: "ஹஜ்ரத், அத்தாவுக்கு மட்டுந்தான் நான் மகளா? அம்மாவுக்கு இல்லையா?"

பெரிய அண்ணன் திடுக்கிட்டுப் போனார். அவர் நல்ல மனிதர். "ஹஜ்ரத் தாளில் இருப்பதுதான் சரி, படத்தை மாற்றச் சொல்லுங்கள்" என்று உடனே சொல்லிவிட்டார். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தத் தங்கை வாய் திறவாதிருந்தால் என்னவாகியிருக்கும்? ஆறு சென்ட் என்பது 2,613 சதுர அடி. சென்னையில் ஒரு கிரவுண்டு என்று சொல்லப்படும் 2,400 சதுர அடியைவிடப் பெரியது. ஒரு விதவைக்கு வீடு கட்டிக்கொள்ளும் மனை அது. அது ஒரு தட்டச்சுப் பிழையில் கைமாறிப் போயிருக்கும். அதற்கு ஐந்து பேரின் கையெழுத்தும் சாட்சியாக நின்றிருக்கும்.

இங்கே ஒரு சட்டச் செய்தியையும் சொல்லிவிடுகிறேன். 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் இயற்றப்பட்டபோது விவசாய நிலம் அதன் வரம்பிலிருந்து விலக்கப்பட்டிருந்தது. நம் சென்னை மாகாணத்தில் 1949-இல் கொண்டுவந்த திருத்தத்தால் அந்த விலக்கு நீங்கிற்று. ஆகவே "காட்டு நிலத்தில் பெண்ணுக்குப் பங்கு உண்டா?" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்குச் சட்டமும் விடை சொல்லிவிட்டது. ஸூரத்துன் நிஸாவின் 11, 12, 176 ஆகிய வசனங்கள் முன்பே சொல்லிவிட்டன.

இனிப் படத்துக்கு வருவோம். மூத்த மகளின் பையன் வளைகுடா நாடொன்றில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் வரைவாளராக இருக்கிறார். அப்போது விடுப்பில் வந்திருந்தார். "ஹஜ்ரத், கோளாறு கணக்கிலும் இல்லை, படத்திலும் இல்லை. கணக்கைப் பார்த்துப் படத்தில் மறுபடியும் கையால் அடிக்கிறார்களே, அதில் இருக்கிறது. எங்கள் கம்பெனியில் அப்படி அடிக்கவே விடமாட்டார்கள்" என்றார். கம்பி எத்தனை டன், கதவு எத்தனை, தூண் எத்தனை என்னும் பட்டியல்களை அங்கே விரிதாளில் வைத்திருப்பார்களாம். வரைபடத்தில் தெரியும் பட்டியல் அந்த விரிதாளோடு கட்டப்பட்டிருக்குமாம். விரிதாளில் எண் மாறினால் படத்திலும் மாறும்.

கலைப்பட்டம் பெற்றுப் பின் மத்ரஸாவுக்கு வந்தவன் நான்; ஆட்டோகேட் என்னும் மென்பொருளை அன்றுதான் அருகிலிருந்து பார்த்தேன். 1982-இல் முதன்முதலாக வெளிவந்த அது, உலகெங்கும் பொறியாளர்கள் படம் வரையப் பயன்படுத்தும் கருவி. எக்செல் என்னும் விரிதாளை நம் கடைக்காரர்களே அறிவார்கள். இவ்விரண்டையும் நேரே பிணைக்கும் வசதி, ஆட்டோகேட் 2008 என்று பெயரிட்டு 2007-இல் வெளியிட்ட பதிப்பில் வந்ததாம். டேட்டா லிங்க் என்பது அதன் பெயர்.

அந்தப் பிள்ளை செய்ததை நான் கண்டபடி எழுதுகிறேன். முதலில் விரிதாளில் என் கணக்கை ஏற்றினார். ஒரே ஒரு கட்டத்தில் நிலத்தின் மொத்த அளவு. ஒரு வரிசையில் வாரிசுகள். அடுத்த வரிசையில் பங்கு எண்: 2, 2, 1, 1, 1. அதற்கடுத்த வரிசையில் சென்ட் கணக்கை அவர் அடிக்கவே இல்லை. மொத்த அளவைப் பங்கு எண்ணால் பெருக்கிப் பங்குகளின் கூட்டுத்தொகையான 7-ஆல் வகு என்று சூத்திரம் மட்டும் கொடுத்தார். 96, 96, 48, 48, 48 என்று தானே வந்தது. ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர் என்பதால் பக்கத்திலேயே சதுர மீட்டரும் வந்தது. பிறகு அந்தக் கட்டங்களைத் தெரிந்தெடுத்துப் படத்துக்குள் கொண்டுவந்து ஒட்டினார். ஆனால் வெறுமனே ஒட்டவில்லை. இணைப்போடு ஒட்டும் முறையைத் தேர்ந்தார். படத்தில் அட்டவணை தோன்றியது. அதன் கட்டம் ஒன்றின் மேல் சுட்டியை வைத்தால் ஒரு சங்கிலிக் குறியும் ஒரு பூட்டுக் குறியும் தெரிந்தன. பூட்டு எதற்கு என்று கேட்டேன். "படத்தில் யாரும் எண்ணைத் தொட முடியாதபடி பூட்டியிருக்கிறது. மாற்ற வேண்டுமென்றால் விரிதாளுக்குத்தான் போக வேண்டும்" என்றார். படத்திலிருந்து விரிதாளுக்குத் திருப்பி எழுதவும் ஒரு வழி உண்டாம். அதை அவர் வேண்டுமென்றே அடைத்துவிட்டார். கணக்கிலிருந்து படத்துக்குப் போக வேண்டும், படத்திலிருந்து கணக்குக்கு வரக்கூடாது என்பது அவர் கருத்து. எனக்கு அது மிகவும் பிடித்தது.

நம் முன்னோர் கிதாபுகளைக் கையால் படியெடுத்த காலத்தில், எழுதி முடித்ததோடு படி செல்லுபடியாகிவிடவில்லை. மூலப் பிரதியை ஒருவர் வாசிக்க, படியை மற்றவர் பார்த்துச் சரிசெய்யும் முகாபலா நடந்தாக வேண்டும். அப்போதும் திருத்தம் மூலத்திலிருந்து படிக்கே போகும். இன்றைய பாகப்பிரிவினைப் படங்களில் முகாபலா நடப்பதில்லை. அந்தச் சங்கிலிக் குறி ஓயாமல் முகாபலா செய்துகொண்டிருக்கும் ஓர் எழுத்தர் போலத்தான் எனக்குத் தோன்றியது.

அன்றைக்கே அதற்கு ஒரு சோதனையும் வந்தது. நிலம் ஏறத்தாழ 288 அடி அகலமும் 508 அடி நீளமும் உள்ளது. அகலமான பக்கம் அல்ல, நீளமான பக்கம் உள்நோக்கிப் போகிறது. தார்ச்சாலை 288 அடிப் பக்கத்தை மட்டுமே தொடுகிறது. குறுக்கே கோடு போட்டு ஐந்து துண்டுகளாக்கினால் முதல் துண்டுக்காரருக்குச் சாலை. பின்னால் இருக்கும் நால்வரும் அவர் நிலத்தை மிதித்துத்தான் போக வேண்டும். இன்று அண்ணன் தம்பி அக்கா தங்கை, மிதிக்க விடுவார்கள். அடுத்த தலைமுறை? ஆகவே ஓரமாக 12 அடிப் பாதை ஒன்றைப் பொதுவாக விட வேண்டும் என்று சின்ன மகன் சொன்னார். எல்லாரும் ஒப்பினர். பாதைக்கு 14 சென்ட் போகிறது. பையன் விரிதாளில் 336 என்றிருந்த அந்த ஒரு கட்டத்தை 322 என்று மாற்றிச் சேமித்தார். படத்தின் அடியில் "இணைக்கப்பட்ட தரவு மாறியிருக்கிறது" என்று பொருள்படும் ஒரு சிறு அறிவிப்பு எழுந்தது. புதுப்பி என்றார். அட்டவணையின் ஐந்து வரிகளும் எங்கள் கண்முன் மாறின: 92, 92, 46, 46, 46. அக்காமார் மூவரும் கணினித் திரையருகே குனிந்து பார்த்தார்கள். அண்ணன்மாருக்கு நான்கு நான்கு சென்ட் குறைந்தது. தங்களுக்கு இரண்டு இரண்டு குறைந்தது. பாதைக்காக யார் எவ்வளவு விட்டுக்கொடுத்தார்கள் என்பதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால், வாசகர்களே, ஒன்றை நன்றாகக் கவனியுங்கள். அட்டவணை மாறியதே தவிர, கோடுகள் மாறவில்லை! நிலத்தைப் பிரிக்கும் கோடுகள் பழைய இடத்திலேயே கிடந்தன. நான் வியப்போடு கேட்டேன். "அது நம் வேலை ஹஜ்ரத். இந்தச் சங்கிலி எண்ணை மட்டுந்தான் கொண்டுவரும். கோட்டை எங்கே போடுவது என்று அதற்குத் தெரியாது" என்றார். பாதை போக மீதி அகலம் 276 அடி. பெண்மக்களின் துண்டுக்கு ஆழம் 72.6 அடியும், ஆண்மக்களின் துண்டுக்கு 145.2 அடியும் இருந்தால் கணக்கு சரியாகும் என்று கண்டு, ஒவ்வொரு கோடாக நகர்த்தினார். பின்னர் ஒவ்வொரு துண்டையும் மூடிய வடிவமாக்கி, அதன் உண்மைப் பரப்பைக் கணினியே படித்துச் சொல்லும்படி பக்கத்தில் இன்னொரு அட்டவணை வைத்தார். ஆக இரண்டு எண்கள் அருகருகே நின்றன: ஷரீஅத் கணக்குப்படி இருக்க வேண்டிய அளவு, வரைந்த கோட்டுக்குள் இருக்கும் அளவு. இரண்டும் ஒத்துப்போனால்தான் படம் படம். கடைகளில் போடும் படங்களில் இந்த இரண்டாவது எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் தரமாட்டார்கள், கேட்டால் தருவார்கள்.

கணக்கும் அளவும் பாகமும் ஒரே கல்வியின் கிளைகள் என்று நம்மவர் கருதிய காலம் ஒன்று உண்டு. பக்தாதில் கலீஃபா மஃமூனின் ஆட்சியில் (813–833) வாழ்ந்த முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மி எழுதிய அல்ஜப்ரு நூலிலிருந்துதான் அல்ஜீப்ரா என்னும் பெயரே வந்தது. அல்காரிதம் என்னும் கணினிச் சொல்லும் அவர் பெயரின் திரிபே. அந்நூலில் நில அளவைக்கென ஒரு பகுதி இருக்கிறது. நூலின் பின்பகுதி பெரும்பாலும் வஸிய்யத், வாரிசுரிமைக் கணக்குகளாலேயே ஆனது. நம் மத்ரஸாக்களில் ஃபராயிழ் ஓதிக்கொடுக்கும்போது நில அளவையையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் என்ன என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

ஓர் எண் மாறினால் எல்லா எண்களும் மாறும் என்பதும் ஃபராயிழ் மாணவர்களுக்குப் புதிதன்று. மனைவி, இரு மகள்கள், தாய், தந்தை ஆகியோரை விட்டு ஒருவர் இறந்த வழக்கை அலீ (ரலி) அவர்களிடம் மிம்பரில் நின்றபோது கேட்டதாகவும், மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாயிற்று என்று அங்கேயே விடை சொன்னதாகவும் நூல்கள் கூறும். பங்குகளைக் கூட்டினால் 24-க்கு 27 வந்துவிடுகிறது; ஆகவே அடியெண்ணையே 27 ஆக்கி எல்லாருடைய பங்கையும் விகிதப்படி குறைக்கிறார்கள். அவ்ல் என்பது இதுவே. அந்தப் பிள்ளையின் விரிதாளில் இதையும் போட்டுப் பார்த்தேன். பங்கு எண்களாக 3, 8, 8, 4, 4 என்று கொடுத்தவுடன் வந்துவிட்டது.

அரசாங்கத்தின் நில அளவையும் இதே வழியில்தான் நடந்திருக்கிறது. நம் புலப்படங்களைப் பார்த்திருப்பீர்கள். வயலை முக்கோணங்களாகப் பிரித்து, மூலைவிட்டங்களை அளந்து, வரப்பு வளையும் இடங்களுக்குச் செங்குத்துத் தூரங்களை அளந்து, அந்த எண்களைக் கோட்டோரமே குறித்து வைப்பது அந்த முறை. எண்கள் இருந்தால் படம் கிழிந்தாலும் மறுபடி வரையலாம். பின்னாளில் தேசியத் தகவல் மையத்தார் உருவாக்கிய கொலாப்லேண்ட் என்னும் மென்பொருளில் அந்த அளவுகளை ஏற்றிப் படங்களைக் கணினியில் வரையச் செய்தார்கள். ஆகவே தாலுகா அலுவலகத்திலிருந்து வாங்கிய புலப்படத்தின் எண்களை வைத்தே நம் பிள்ளையும் வெளி எல்லைகளை வரைந்தார். கடைக்காரர் படமோ பழைய நகலைப் பார்த்து வரைந்தது.

நடைமுறையில் ஓர் இடர் உண்டு. படத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சங்கிலி அறுந்துவிடும். விரிதாள் இல்லாத இடத்தில் படம் திறந்தால், கடைசியாகக் கண்ட எண்களையே அது காட்டிக்கொண்டிருக்கும். விரிதாளில் பிறகு செய்த மாற்றம் அதற்குத் தெரியாது. எனவே இரண்டு கோப்புகளையும் ஒரே உறைக்குள் வைத்துச் சேர்த்தே அனுப்ப வேண்டும். கணினி இல்லாத மூத்தவர்களுக்கு அச்சிட்ட தாள் கொடுக்கும்போது அட்டவணையின் அடியில் தேதியைப் போட வேண்டும். தேதியில்லாத தாள் ஐந்து வீட்டில் ஐந்து விதமாக இருந்து, பத்தாண்டுகள் கழித்து ஐந்து வழக்குகளாகும்.

சாலையோரத் துண்டு யாருக்கு என்ற கேள்வி மிஞ்சியது. இதை எந்தச் சங்கிலியும் தீர்க்காது. 46 சென்ட்டும் 46 சென்ட்டும் சமம். ஆனால் சாலையோரத்து 46-ம் பின்புறத்து 46-ம் சமமல்ல. இதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. முடிவில், முன்துண்டு யாருக்கு விழுகிறதோ அவர் மற்ற நால்வருக்கும் பேசிய தொகையைத் தருவது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு, குர்ஆ போட்டார்கள். ஐந்து சீட்டுகளைச் சுருட்டிக் குழந்தையை எடுக்கச் சொன்னார்கள். இரண்டாவது மகளுக்கு முன்துண்டு விழுந்தது. கடைசித் தங்கைக்கு மூன்றாம் துண்டு. அதில் ஒரு பழைய முந்திரி மரம் நிற்கிறது. தொகைகளுக்கும் விரிதாளில் ஒரு வரிசை சேர்ந்தது.

உட்பிரிவு செய்து தரும்படி விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். அளவையாளர் வந்து கல் நட்டபின் ஐந்து துண்டுகளுக்கும் பாதைக்கும் தனித்தனி உட்பிரிவு எண்கள் கிடைக்கும். அவற்றுக்காக விரிதாளில் ஆறு கட்டங்கள் வெற்றாக விடப்பட்டிருக்கின்றன. பையன் விடுப்பு முடிந்து திரும்பிப் போய்விட்டார். எண்கள் வந்ததும் சின்ன மாமா அங்கே தட்டினால் போதும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.